வெள்ளைக்கு மேல் வெள்ளை

சாம்பிள் பனியன் பாலிதீன் உறைக்குள் இருந்தது. உறையின் வாயில் எக்ஸ்போர்ட் கம்பெனியின் சீல் ஒட்டியிருந்தது, சீலின் குறுக்கே ஒரு கையெழுத்து. சீல் பிரிந்தால் சாம்பிள் செல்லாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஆகவே திருப்பூர் வீரபாண்டியில் இருந்த அந்தப் பிரிண்டிங் யூனிட்டில் யாரும் அதைக் கையால் தொட்டுப் பார்க்க வழியில்லை. கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கலர் மாஸ்டர் முருகவேல் உறையை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அது குழந்தைகளுக்கான வெள்ளை பனியன். நெஞ்சுப் பகுதியில் மூன்று கறுப்பு வட்டங்கள், மேலே ஒன்று, கீழே இரண்டு. தோசையில் ஒரு துண்டு பிய்த்து எடுத்ததுபோல் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு வெட்டு இருந்தது. மூன்று வெட்டுகளும் நடுவைப் பார்த்திருந்தன. அந்த நடுவில் ஒரு வெள்ளை முக்கோணம், தன் மூன்று மூலைகளையும் மூன்று வட்டங்களின் மேல் ஊன்றிக்கொண்டு படுத்திருந்தது. துணியும் வெள்ளை, முக்கோணமும் வெள்ளை. ஆனால் முக்கோணம் துணியைவிட ஒரு மாற்று கூடுதல் வெள்ளை.

அதன் விளிம்புதான் அவரைப் படுத்தியது. கறுப்பின் மேல் ஓடும் இடத்தில் கத்தியால் கீறியதுபோல் சுத்தமாக இருந்தது. ஒரு வட்டத்தைத் தாண்டி அடுத்த வட்டத்துக்குப் போகும் வழியில், வெறும் துணியின் மேல், இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். உற்றுப் பார்த்தால் கரைந்துவிடும். சரிதான் என்று பார்வையைக் கொஞ்சம் தள்ளினால் மறுபடி வந்து நிற்கும்.

இதற்குப் போய் ஒரு மனிதன் பயப்படுவானா என்று கேட்டால், முருகவேலுக்குக் காரணம் இருந்தது. பங்குனி மாதம் அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம் நடந்தது. மனைவி ஜெயபாரதி இழுத்துக்கொண்டு போனாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். "இந்த வியாதியில ஓரப் பார்வைதான் முதல்ல போகும். போனது உங்களுக்கே தெரியாது. தெரியாத இடத்தை மூளையே ஏதாவது போட்டு நிரப்பிக்கும்" என்றார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்துப் பார்வையைச் சோதித்துக்கொள்ளச் சொன்னார்.

முருகவேல் போகவில்லை. இல்லாததை மூளை நிரப்பிக்கொள்ளும் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் செருப்பில் புகுந்த முள் மாதிரி அவருடனேயே நடந்தது. அவர் பிழைப்பு முழுக்க அந்தக் கண்ணில்தான் இருந்தது. ஒரே வெள்ளை என்று மற்றவர்கள் சொல்லும் இரண்டு துணிகளை வைத்து, இது நீலம் ஏறிய வெள்ளை, இது மஞ்சள் ஓடிய வெள்ளை என்று பிரித்துவிடுவார். அந்த மனிதர் கண்ணுக்கு மருந்து விடுகிறார் என்று வெளியே தெரிந்தால் யார் ஷேடு கேட்டு வருவார்கள்? கொஞ்ச நாள் மருந்து விட்டார். கண் சிவந்தது, வேலை நேரத்தில் பார்வை மங்கலடித்தது. "என்னங் மாஸ்டர், காலங்காத்தாலேயே தண்ணியா?" என்று பிரிண்டிங் டேபிளில் நிற்கும் கோமளா எல்லார் முன்னாலும் கேட்டாள். அன்றோடு நிறுத்திவிட்டார். ஜெயபாரதி பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதால் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, சொட்டைக் கன்னத்தில் விட்டுத் துண்டால் துடைத்துக்கொள்வார்.

இப்போது சாம்பிளை வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முக்கோணம் தெரிந்தது. மறு கண்ணை மூடிப் பார்த்தார். அப்போதும் தெரிந்தது. விளிம்பும் அதே மாதிரி வந்து வந்து போனது. உள்ளங்கை ஈரமாகி பாலிதீன் வழுக்கியது.

அவர் கோமளாவைக் கூப்பிட்டார். எதுவும் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது என்று கவனமாகக் கேட்டார்.

"இதுல என்ன தெரியுதுன்னு சொல்லு பாப்போம்."

"ஏனுங் மாஸ்டர், ஒண்ணாப்பு டீச்சராட்டம் கேக்கறீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு ஆத்தா."

கோமளா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "மூணு கறுப்பு வட்டம். அதுக்கு மேல ஒரு வெள்ளை முக்கோணம். வேறென்ன இருக்குது?"

"வெள்ளை எப்படி?"

"நல்ல வெள்ளைங். துணியக் காட்டியும் பளிச்சுனு இருக்குது."

முருகவேலுக்குத் தோளிலிருந்து மூட்டையை இறக்கியது மாதிரி இருந்தது. ஆனாலும் ஒரு சாட்சி போதாது என்று, ஆபீஸ் அறையில் போனும் கையுமாக இருந்த ஓனர் மகுடேஸ்வரனிடம் போனார். மகுடேஸ்வரன் அவரைவிடச் சின்ன வயசு. அப்பா தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, இவர் யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறார். உறையை வாங்கி ஒரு பார்வை பார்த்து, "வெள்ளை கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கானுங்க மாஸ்டர். வருமுங்களா நமக்கு?" என்றார்.

அதற்கு மேல் என்ன வேண்டும்? தனக்கு மட்டும் தெரிந்தால் அது கண்ணில் கோளாறு. எல்லோருக்கும் தெரிந்தால் அது மை. முருகவேல் அப்படித்தான் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்குச் சந்தோஷமும் ஒரு காரணம்.

ஒரு சிக்கல் இருந்தது. மை இழுக்கும் ஸ்க்ரீனை நிறத்துக்கு ஒரு ஃபிலிம் வைத்துத்தான் செய்வார்கள். கம்பெனியிலிருந்து வந்த ஃபிலிமில் கறுப்பு வட்டங்கள் மட்டும்தான் இருந்தன, முக்கோணம் இல்லை. இந்த ஆர்டரை முதலில் போட்டுக்கொண்டிருந்த யூனிட்டில் மிஷின் படுத்துவிட்டதால் அவசரமாக இங்கே தள்ளியிருந்தார்கள். அவசரத்தில் ஒரு ஃபிலிம் விட்டுப்போவது திருப்பூரில் புதிதல்ல. மகுடேஸ்வரன், கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தேஜஸ்ரீயைப் போனில் பிடித்தார். அந்தப் பெண் வேறொரு போனிலும் பேசிக்கொண்டிருந்தது இங்கே கேட்டது.

"வெள்ளைக்கு ஃபிலிம் வரலீங்க மேடம்."

"சார், எனக்குப் பேச நேரமில்ல. சாம்பிள் எப்படி இருக்கோ அப்படியே வரணும். கண்ணுல பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. அவ்ளோதான் சார்."

"அப்ப நாமளே முக்கோணத்துக்கு ஒரு ஸ்க்ரீன் போட்டுக்கலாமுங்க" என்றார் முருகவேல். வெட்டுகளின் ஓரத்தை அளவு வைத்து நீட்டினால் முக்கோணம் தானாகக் கிடைத்தது. வெள்ளைதான் அடியில் முதலில் விழ வேண்டும், அது காய்ந்த பிறகு மேலே கறுப்பு. அதுதான் முறை. அந்த முறைப்படியே இரண்டு ஸ்க்ரீன் தயாரானது.

வெள்ளை மை பேஸ்ட்டைக் கலக்க உட்கார்ந்தவருக்கு மறுபடி வேர்க்க ஆரம்பித்தது. கலந்து, துண்டுத் துணியில் அடித்து, அதன் மேல் கறுப்பையும் அடித்துச் சாம்பிளின் பக்கத்தில் வைத்தால், சாம்பிளின் வெள்ளைதான் எடுப்பாக இருந்தது. இவருடையது கொஞ்சம் கட்டியாக, சுண்ணாம்பு பூசின மாதிரி நின்றது. ஒரு சொட்டு நீலம் சேர்த்தார். கிட்ட வந்தது, சேரவில்லை. பேஸ்ட்டை இளக்கினார். இன்னும் கிட்ட வந்தது. அங்கே இருந்தது வெறும் வெளிச்சம் மாதிரி ஒரு வெள்ளை, மையின் கனமே இல்லாமல். எந்த யூனிட்டுக்காரன் இதைப் போட்டிருப்பான் என்று அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"என்னங் மாஸ்டர், வெள்ளையோட இப்படி மல்லுக்கட்டறீங்க? வெள்ளைன்னா வெள்ளைதானுங்களே" என்றாள் கோமளா.

"உனக்கு வெள்ளை. எனக்குச் சோறு" என்றார் அவர்.

கடைசியில், ரொம்பவும் இளக்கிய பேஸ்ட்டில் ஒன்று வந்தது. மகுடேஸ்வரன் இரண்டையும் பார்த்து, "ஒண்ணாட்டமே இருக்குதுங்க" என்றார். வேலை ஓட ஆரம்பித்தது. வெட்டி வந்திருந்த முன் பக்கத் துண்டுகளை டேபிளில் ஒட்டி, கோமளா வெள்ளையை இழுத்துக்கொண்டு போக, பின்னால் இன்னொரு பெண் கறுப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். காய்ந்த துண்டுகள் சூட்டு மிஷினுக்குள் போய் மறு வாயில் வெளியே வந்து விழுந்தன. முருகவேல் ஒவ்வொரு அடுக்கிலும் நாலைந்து எடுத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. மனசும் கொஞ்சம் அடங்கியிருந்தது.

அப்போதுதான் கோமளா ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"திட்டாதீங் மாஸ்டர். ஊட்டுல இருந்து போன் வந்துச்சு. பேசிக்கிட்டே ஒண்ணுக்கு வெள்ளை இழுக்காம விட்டுப்போட்டேன். அவளும் பாக்காமக் கறுப்ப அடிச்சுட்டா. இந்தாங், ரிஜெக்ட்டுல போட்டுருங்."

முருகவேல் வாங்கிப் பார்த்தார். "இருக்குதே."

"என்னங் இருக்குது?"

"வெள்ளைதான். நல்லாத்தான் விழுந்திருக்குது. இதப் போய் ரிஜெக்ட்டுங்கற?"

கோமளா சிரித்தாள். "நாந்தான் இழுக்கவே இல்லீங்களே. கைய வெச்சுப் பாருங்."

அவர் விரலை வைத்துத் தடவினார். வெறும் துணி. மெத்தென்று, இன்னும் ஒரு பொட்டு மை படாத துணி. அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தடவினார். அதில் முக்கோணம் ஒரு தோல்போல விரலில் தட்டியது. திரும்ப இதைத் தடவினார். ஒன்றுமே இல்லை. கண்ணுக்கு மட்டும் அதே இடத்தில் அதே வெள்ளை, அதே வந்து போகிற விளிம்பு. அடுக்கில் இருந்ததைவிட இதுதான் சாம்பிளுக்குப் பொருத்தமாகக்கூட இருந்தது.

மிஷின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது என்று நினைத்தார். இல்லாத இடத்தை நிரப்பிக்கொள்கிறது. அதுவும் எல்லார் முன்னாலும், வாய் திறந்து, இருக்குதே என்று வேறு சொல்லியாகிவிட்டது.

"என்னங் மாஸ்டர், மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு? உக்காருங்." கோமளா அவர் கையிலிருந்த துண்டை வாங்கி, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "அட! எனக்கும் தெரியுதுங். நாந்தான் இழுக்கலியே... இதென்னங் இது, பேயாட்டம்?"

"உனக்கும் தெரியுதா? நெசமாச் சொல்லு."

"ஆத்தா மேல சத்தியமாத் தெரியுதுங்." அவள் கட்டை விரலால் ஒரு வட்டத்தை மறைத்தாள். முக்கோணம் காணாமல் போனது. விரலை எடுத்தாள், வந்து நின்றது. மறுபடி மறைத்தாள், போயிற்று. டேபிள் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி விரலை வைத்துப் பார்த்தார்கள். பீகாரிலிருந்து வந்து சூட்டு மிஷினில் நிற்கும் ஆஷா, மாயவித்தை என்பதை இந்தியில் "ஜாதூ!" என்று சொல்லிச் சிரித்தாள்.

முருகவேல் சிரிக்கவில்லை. அவர் பார்வை உறைக்குள் இருந்த சாம்பிளின் மேல் போய் நின்றுவிட்டது. மை இழுக்காத துண்டிலேயே வெள்ளை தெரிகிறது என்றால், சாம்பிளில் மை இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? ஃபிலிம் விட்டுப்போகவில்லை. விட்டுப்போக அங்கே ஒன்றுமே இல்லாதிருந்தால்?

"அடிக்கறத நிறுத்துங்க" என்றார். "எல்லாத்தையும் நிறுத்துங்க."

மகுடேஸ்வரனைக் கூப்பிட்டு வந்து, துண்டுகளைத் தடவிக் காட்டி, விஷயத்தைச் சொன்னார். வட்டத்தை விரலால் மறைத்தால், இளக்கிய வெள்ளை அடித்த துண்டிலும் முக்கோணம் மங்கத்தான் செய்தது; சாம்பிளைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். தொட வேண்டுமென்றால் சீலைப் பிரிக்க வேண்டும். மகுடேஸ்வரன் தேஜஸ்ரீக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார், அப்போதும் எடுக்கவில்லை. பாதி லாட் அடித்துக் கிடந்தது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"பிரிச்சுருங்க மாஸ்டர். ஆனது ஆகட்டும்."

முருகவேல் பிளேடால் உறையின் வாயைக் கீறினார். கையெழுத்து கோணலாகக் கிழிந்தது. உள்ளே விரலை விட்டார். மூன்று வட்டங்களிலும் கறுப்பு மை விரலில் தட்டியது. நடுவில் துணிதான் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

குழந்தை பனியனில் நெஞ்சுக்கு நேரே அவ்வளவு பெரிய மைப்பட்டை இருந்தால் எந்த இன்ஸ்பெக்‌ஷனும் விடாது. விறைப்பாக நிற்கும், துவைத்தால் வெடிக்கும். அடித்த பாதியும் செகண்ட்ஸ்தான், கழித்த விலைக்குத்தான் போகும். புதுசாகத் துணி வெட்டிக் கொடுக்கச் சொல்லி மகுடேஸ்வரன் கம்பெனியின் காலில் விழ வேண்டும்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் முருகவேலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்கள மட்டும் என்னங்க சொல்றது?" என்றார். "நானுந்தான் பாத்தேன். இவளும் பாத்தா. மூணு பேரு கண்ணுலயும் மண்ணத் தூவிப்போட்டானுங்க. விடுங்க மாஸ்டர், உங்க கண்ணுல ஒரு குத்தமும் இல்ல."

அங்கேயே தப்பித்துவிடலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் முருகவேலுக்கு உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரிந்ததால்தான் என் கண் நல்ல கண் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். எல்லோருக்கும் இல்லாதது தெரியும் என்றால் அந்தத் தீர்ப்பு செல்லாதே. நல்ல கண்ணும் நிரப்பிக் காட்டுகிறது. கெட்ட கண்ணும் நிரப்பிக் காட்டுகிறது. உள்ளே இருந்து பார்க்கிறவனுக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

"இல்லீங்க. எனக்குக் கண்ணுல ஒரு சங்கதி இருக்குதுங்க" என்றார். முகாமில் டாக்டர் சொன்னதைச் சொன்னார். கண் சிவந்ததும் மருந்தை நிறுத்தி, கன்னத்தில் விட்டுக்கொண்டதையும் சொன்னார். சொல்லும்போது கோமளா தலையைக் குனிந்துகொண்டாள்.

மகுடேஸ்வரன் அவர் முகத்தையே பார்த்தார். கண்ணைப் பார்க்கிறார் என்று முருகவேலுக்குத் தெரிந்தது. "மொதல்ல போய்க் காட்டிப்போட்டு வாங்க. அது வரைக்கும் ஷேடு ஓகே நானே குடுத்துக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டில் ஜெயபாரதியிடம் சொல்லாமல் முடியவில்லை. அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "கன்னத்துக்கா மருந்து விட்டீங்க? இப்பக் கன்னம் நல்லாத் தெரியுதுங்களா?" என்றாள். மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வாசலில் நின்றாள். இருவரும் அவருடைய வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே ஒரு இருட்டு அறை. பக்கவாட்டில் சாய்த்த வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மிஷின். தாடையை அதில் வைத்து, ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் அங்கே இருந்த பெண். "நடுப் புள்ளியையே பாருங்க ஐயா. ஓரத்துல எங்கன வெளிச்சம் மின்னுனாலும் அமுக்குங்க. தெரிஞ்சா மட்டும்."

முருகவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மின்னியது, அமுக்கினார். மின்னியது, அமுக்கினார். அப்புறம் எதுவும் இல்லை. எதுவும் இல்லாதது நீண்டது. விட்டுவிட்டோமோ என்று பதறி அமுக்கினார். மூலையில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது, அமுக்கினார்.

"ஐயா, வராத வெளிச்சத்துக்கெல்லாம் அமுக்குறீங்க. மிஷின் காட்டிக் குடுத்துரும். மறுபடி எடுப்போம். பயப்படாதீங்க, இது பரீட்சை இல்ல."

பரீட்சை இல்லையாம். இரண்டாம் முறை நிஜமாக மின்னியதற்கு மட்டும் அமுக்கினார். நடுநடுவே கட்டை விரல் துடித்தது. அதை அடக்கிக்கொண்டு சும்மா இருந்ததுதான் அவர் செய்ததிலேயே கஷ்டமான வேலை.

டாக்டர் காகிதத்தை வைத்து விளக்கினார். இடது கண்ணில் ஓரப் பார்வை ஒரு பகுதி போய்விட்டது. போனது திரும்பாது. மருந்தை விடாமல் விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். நடுப் பார்வையும் நிறம் பிரிக்கிற சக்தியும் இரண்டு கண்ணிலும் நன்றாக இருக்கின்றன.

"அப்ப கலர் பாக்கலாமுங்களா?"

"தாராளமாப் பாருங்க. வண்டி ஓட்டறீங்களா?"

"ஓட்டறனுங்க."

"இப்போதைக்கு வேண்டாம். அடுத்த தடவை பாத்துட்டுச் சொல்றேன்."

வெளியே வந்து அவர் முதலில் மகுடேஸ்வரனுக்குத்தான் போன் செய்தார். கலர் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். "அப்ப வாங்க மாஸ்டர், புதுத் துணி வருது. கறுப்ப மட்டும் அடிப்போம்" என்றார் மகுடேஸ்வரன். வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். இனி பயமில்லை என்று நினைத்துக்கொண்டு, பழக்கத்தில் வண்டியின் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தவர், சாவியைத் திருகப் போன கையை நிறுத்தினார்.

"பாரதி, வரும்போது நமக்கு இடது பக்கம் ரோடு காலியாத்தான இருந்துச்சு?"

"காலியாவா? பாலத்துக்கிட்ட ஒரு பள்ளிக்கூட வேன் இடதுல ஏறி ஒரசற மாதிரி வந்துச்சே. நான் கண்ண மூடிக்கிட்டேன். நீங்க பாத்துத்தான வலப்பக்கம் ஒதுங்குனீங்க?"

முருகவேல் பாலத்தை நினைத்துப் பார்த்தார். இடது பக்கம் வெயில் விழுந்த தார் ரோடும் அதன் ஓரத்து மண்ணும் அவருக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தன. வேன் இல்லை.

"முன்னால ஒரு குழி இருந்துச்சு. அதுக்கு ஒதுங்குனேன்."

அவர் இறங்கிச் சாவியை உருவி அவள் கையில் கொடுத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். ஜெயபாரதி சுற்றி வந்து அவருக்கு இடது பக்கமாக நடந்தாள்.